இடைவெளியும் ஓர் எழுத்து

யெல் தீவு, ஷெட்லண்ட், 1921

லண்டனிலிருந்து வந்த பழுப்பு உறையை
நான்தான் கொண்டுபோனேன்.
நாலு வருடத்துக்கு முன்
தந்தியைக் கொண்டுபோனதும் நான்தான்.
அன்று ஜேகபினா என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டாள்.
அது திறக்கும்வரை பட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.
ஓர் ஆட்டுக்குட்டி என் தபால் பையை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

இன்று கதவு திறந்தே கிடந்தது.
"கையெல்லாம் மீன் செதில். நீயே படி, ஓஸ்லா."

படித்தேன்.
கல்லின் மேற்பாதி அரசாங்கத்துக்கு:
எண், பெயர், படைப்பிரிவு, தேதி.
அடியில் கொஞ்சம் இடம் உங்களுக்கு.
அறுபத்தாறு எழுத்துக்கு மிகாமல்.
எழுத்து ஒன்றுக்கு மூன்றரைப் பென்னி.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும்
இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கொள்ளப்படும்.

"ஒன்றும் எழுதாத இடத்துக்குமா காசு?"
"ஆமாம்."
சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பாதிரியார் எழுதித் தந்த வசனம்
ஒன்பது எழுத்து கூடுதல்.
பள்ளி ஆசிரியர் தந்ததில்
நாடு இருந்தது, புகழ் இருந்தது,
ராஸ்மி இல்லை.

ராஸ்மி இடக்கைக்காரன்.
தேவாலயத்தில் எல்லோருக்கும் ஓர் அடி முந்திப் பாடி முடித்துவிட்டு
ஆமென்னில் நின்று காத்திருப்பான்,
நாங்கள் வந்து சேரட்டும் என்று.
பீட்டர் மேன்சனிடம்
கரிமண் வெட்டும் மண்வெட்டியை இரவல் வாங்கினான்,
திருப்பித் தராமலே கப்பலேறினான்.
துக்கம் கேட்க வந்த பீட்டர்
மூலையில் சாய்ந்திருந்த அதைப் பார்த்தார்.
கேட்கவில்லை.
இன்றுவரை வேறு யாரிடமோ கடன் வாங்கித்தான் வெட்டுகிறார்.

'உடனடியாக, வலியின்றி' என்று கேப்டன் எழுதியிருந்தார்.
இந்தத் தீவில் நாலு வீட்டுக்கு
அதே வாக்கியத்தைச் சுமந்திருக்கிறேன்,
கையெழுத்துதான் வேறு வேறு.
ஒற்றைக் கையோடு திரும்பிவந்த கில்பர்ட் ஹோசஸன்
கடை வாசலில் என்னிடம் சொன்னது:
இரண்டு பகல், ஓர் இரவு.
அதை யாருக்கும் பட்டுவாடா செய்யவில்லை.

ராஸ்மியைப் பற்றி எனக்குத் தெரிந்த இன்னொன்றையும்
அவளிடம் சொன்னதில்லை.
அதற்கு எத்தனை எழுத்தாகும் என்று
எண்ணிப் பார்த்ததுமில்லை.

கையைக் கழுவிக்கொண்டே ஜேகபினா பேசினாள்,
என்னிடம் இல்லை, வாளியிடம்.
"அவனுக்கு இருட்டென்றால் பயம்.
மாட்டுக்கொட்டிலுக்குப் போகும்போது
விளக்கு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வரவேண்டுமென்று
கதவைத் திறந்துபோட்டுவிட்டே போவான்.
குளிர் முழுக்க வீட்டுக்குள்.
கத்துவேன், சாத்துடா, சாத்துடா என்று.
இருபத்திரண்டு வயதிலும் கத்தினேன்."

கொஞ்சநேரம் கழித்து,
"கதவு திறந்திருக்கிறது. அதை எழுது" என்றாள்.

எங்கள் தீவுப் பேச்சை
அலுவலகத்து ஆங்கிலமாக்கி விரல்விட்டு எண்ணினேன்.
பதினாறு. அதில் மூன்று இடைவெளி.
நாலு ஷில்லிங் எட்டுப் பென்னி.
முட்டைக் காசுக் குடுவையைக் கவிழ்த்தாள்.
எழுத்துக்கானதை ஒரு பக்கம் அடுக்கினாள்.
இடைவெளிக்கான பத்தரைப் பென்னியை
ஒவ்வொன்றாக,
தனியே நகர்த்தி வைத்தாள்.

நான் எழுந்தபோது மூலையைக் காட்டினாள்.
"போகிற வழியில் பீட்டரிடம் இதைக் கொடுத்துவிடு."

பையில் படிவம், தோளில் மண்வெட்டி.
எதிர்க்காற்று.
மேட்டில் ஏறும்போது தோள் மாற்றினேன்.
பிடியில் தேய்ந்திருந்த பள்ளம்
என் வலக்கைக்குப் பொருந்தவே இல்லை.
பீட்டர் வீடு வரும்வரை
இடக்கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன்.